வெர்லாண்டர் மெட்ஸுக்குப் போன விவகாரம்: கேட்டதுக்கெல்லாம் ஒரு ஃபில்லீஸ் ரசிகனோட பதில்

2022 டிசம்பர்ல ஜஸ்டின் வெர்லாண்டர்ங்கிற பேஸ்பால் பிட்சரை (பந்து வீசுறவர்) நியூயார்க் மெட்ஸ் டீம் எடுத்தது சரியா தப்பான்னு இன்னும் சண்ட ஓயல. நிறைய பேர் கேட்டிருக்கீங்க, வரிசையா சொல்றேன். நான் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் ஆளு, அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

கேள்வி: ப்ரோ, எனக்கு பேஸ்பால் புதுசு. வயசான பிட்சர் ஒருத்தரை வேற டீம் எடுத்ததுக்கு உங்களுக்கு ஏன் அவ்ளோ டென்ஷன்?

பதில்: வயசானவர்தான், ஆனா அந்த சீசன்ல அவர் 39 வயசுல 18 மேட்ச் ஜெயிச்சு 4 தான் தோத்தாரு, ஈஆர்ஏ 1.75, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா ரெண்டு ரன் கூட விடல, சிறந்த பிட்சருக்குக் குடுக்கிற சை யங் விருதை மூணாவது தடவையா வாங்கினாரு. அதுவும் முழங்கைல டாமி ஜான் சர்ஜரி பண்ணி 2021 முழுக்க ஒரு மேட்ச் கூட ஆடாம இருந்துட்டு வந்து. எங்களுக்கு இதுல சொந்த வலியும் இருக்கு. அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி தொடர்ல, அவரோட அப்போதைய டீம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கூடத்தான் மோதினோம். அஞ்சாவது மேட்ச் எங்க ஊர்ல, மொத ஆளா இறங்கின எங்க ஷ்வார்பர் வெர்லாண்டர் பந்தை ஹோம் ரன் அடிச்சதும் ஸ்டேடியமே அதிர்ந்துச்சு, வெர்லாண்டர் வேர்ல்ட் சீரிஸ்ல அதுவரைக்கும் ஒரு வெற்றி கூட இல்லாத ஆளு, இன்னிக்கும் மாட்டினாருன்னு நெனச்சோம். ஆனா அந்த ஒரு ரன்னோட சரி, அஞ்சு இன்னிங்ஸ் நின்னு போட்டாரு, நாங்க 3-2ல தோத்தோம். ஒரே மாசத்துல அதே ஆளு எங்க டிவிஷன்லயே (லீக்குக்குள்ள இருக்கிற சின்ன பிரிவு) இருக்கிற மெட்ஸுக்கு வர்றாருன்னா வயித்துல புளியக் கரைக்காதா?

கேள்வி: சம்பளம் எவ்ளோ?

பதில்: ரெண்டு வருஷத்துக்கு சுமார் 8.67 கோடி டாலர். வருஷக் கணக்குல பாத்தா, ஏற்கனவே அங்க இருந்த இன்னொரு வயசான பிட்சர் மேக்ஸ் ஷெர்சருக்குக் குடுத்த அதே 4.33 கோடி.

கேள்வி: அண்ணா, 40 வயச தொடப்போற ஆளுக்கு இவ்ளோ காசு முட்டாள்தனம் இல்லையா?

பதில்: இல்ல தம்பி, எதிரி டீமா இருந்தாலும் இதுல நான் மெட்ஸ் பக்கம்தான். அவங்க ஏஸ், அதாவது நம்பர் ஒன் பிட்சர், ஜேக்கப் டிகிராம் அப்பதான் டெக்சாஸ் டீமுக்குப் போயிருந்தாரு, அஞ்சு வருஷம், 18.5 கோடி டாலர். அவர் 2023ல ஆறு மேட்ச் ஸ்டார்ட் பண்ணதோட (மொத பந்துலேர்ந்து போடுறது) முழங்கை போயி சர்ஜரிக்குப் போனாரு. பிட்சர் கையை யாராலயும் கணிக்க முடியாது, 34 வயசும் உடையும் 40 வயசும் உடையும். அதனால வருஷத்துக்கு அதிகமா குடுத்தாலும் பரவால்ல, வருஷத்தக் குறைச்சது புத்திசாலித்தனம்.

கேள்வி: அப்போ மெட்ஸ் திட்டம் ஏன் கவுந்துச்சு?

பதில்: வெர்லாண்டர், ஷெர்சர்னு ரெண்டு பெரிய தூணும் வயசான தூணாப் போச்சு, நான் தப்புன்னு சொல்றது அத மட்டும்தான். 2023 சீசன் தொடங்குற நேரத்துல வெர்லாண்டருக்கு தோள் பக்கத்து தசைல அடி, மே 4 தான் மெட்ஸுக்காக மொத மேட்ச் ஆடினாரு, அதுவும் அவர் கரியரை ஆரம்பிச்ச டெட்ராய்ட்ல. ஷெர்சர் ஏப்ரல்ல விதிக்கு எதிரா கைல பிசுபிசுப்பு இருக்குன்னு 10 மேட்ச் சஸ்பெண்ட். கடைசி இன்னிங்ஸ முடிச்சு வைக்கிற எட்வின் டியாஸ் சீசனுக்கு முன்னாடியே வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்ல ஜெயிச்சுக் கொண்டாடுறப்போ முழங்கால் போயி வருஷம் பூரா அவுட். இத்தனைக்கும் வெர்லாண்டர் மோசமா போடல, 16 ஸ்டார்ட், ஈஆர்ஏ 3.15. டீம்தான் சரிஞ்சுது, ஷெர்சரை டெக்சாஸுக்கு வித்தாங்க, ஆகஸ்ட் 1 அன்னிக்கு இவரையும் ஆஸ்ட்ரோஸுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. மெட்ஸ் 75 வெற்றி, 87 தோல்வியோட முடிச்சாங்க.

கேள்வி: நான் மெட்ஸ் ரசிகன். நாங்க வெர்லாண்டரை எடுத்த அதே நாள் நீங்க ட்ரெயா டர்னருக்கு 11 வருஷம், 30 கோடி டாலர் குடுத்தீங்களே, அது மட்டும் சரியா?

பதில்: நியாயமான கேள்வி சார். ஆனா டர்னர் தெனமும் ஆடுற ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்), பிட்சர் அஞ்சு நாளைக்கு ஒரு தடவ, ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. 2023ல அவர் திணறினப்போ எனக்கும் பயம்தான். ஆகஸ்ட்ல எங்க ஆளுங்க திட்டாம எழுந்து நின்னு கைதட்டினாங்க, அதுலேர்ந்து அடிக்க ஆரம்பிச்சாரு. 2025ல நேஷனல் லீக்லயே பேட்டிங் ஆவரேஜ்ல மொத இடம்.

கேள்வி: வெர்லாண்டர் அப்புறம் என்ன ஆனாரு?

பதில்: 2025ல 42 வயசுல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஆடினாரு. ஈஆர்ஏ 3.85 வச்சுக்கிட்டு 4 வெற்றி, 11 தோல்வின்னு வந்துச்சு, மொத வெற்றிக்கே ஜூலை வரைக்கும் காத்துக் கெடந்தாரு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அந்த சீசன் முடிவுல மொத்தம் 266 வெற்றி. 300 தொடணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை, ஃபில்லீஸ் எதிர்ல நிக்காத நாளெல்லாம் அவர் ஜெயிக்கணும்னுதான் நானும் நெனைக்கிறேன்.