தாடி வைத்தால் ஒழுங்கற்றவன் என்ற எண்ணம் எப்போது வந்தது? அலுவலகத்தில் தினமும் சவரம் செய்துவிட்டு வரச் சொல்கிறார்களே?

கேள்வியைப் பார்த்ததும் தாடையில் பழைய எரிச்சல் எழுந்தது. உங்கள் மேலாளரும் கண்ணைப் பார்க்காமல் கன்னத்தைப் பார்த்தே பேசுகிறவராக இருப்பார் என்று ஊகிக்கிறேன்.

எப்போது வந்தது என்றால், வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. மேலே இருப்பவரின் முகம் எப்படியோ, அப்படித்தான் கீழே இருப்பவரின் ஒழுங்கும். கி.மு. 300 வாக்கில் சிசிலியிலிருந்துதான் ரோமுக்கு நாவிதர்கள் வந்தார்கள் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அதன்பின் மழித்த முகமே கண்ணியம் என்றானது. கி.பி. 117இல் பேரரசரான ஹேட்ரியன் தாடி வளர்த்தார். அடுத்து வந்த பேரரசர்களும் வளர்த்தார்கள். முகத்தில் இருந்த வடுக்களை மறைக்கவே அவர் தாடி வைத்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறு ஒன்று சொல்கிறது. அவரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்க ஆள் இல்லை.

ரஷ்யாவில் இதற்கு நேர்மாறு. மேற்கு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு 1698இல் திரும்பிய ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர், வரவேற்க வந்த பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே வெட்டினார். பிறகு தாடிக்கு வரி விதித்தார். வரி கட்டியவருக்குக் கொடுத்த 1705ஆம் ஆண்டு உலோக வில்லையில் மூக்கும் மீசையும் தாடியும் பொறித்து, "பணம் பெறப்பட்டது" என்று எழுதியிருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்திலோ, தாடையை மழிக்க வேண்டும், மேலுதட்டை மழிக்கக் கூடாது என்று விதி. முதல் உலகப் போருக்கு நடுவே, 1916 அக்டோபரில்தான் அதை நீக்கினார்கள்.

இனி என் கதை. இருபத்தாறு வயதில், முகப்பு மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. தினமும் வழவழப்பான முகத்தோடு வர வேண்டும் என்று மேற்பார்வையாளர் கட்டளை. மூன்று பிளேடு ரேசரை எதிர்வாட்டத்தில் இழுத்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, மீண்டும் இழுப்பேன். இரண்டே மாதத்தில் தாடைக்குக் கீழே சிவந்த கொப்புளங்கள் வந்துவிட்டன. காலர் உரசினால் கண்ணில் நீர் வரும். பரு என்று நினைத்துக் கண்ட களிம்பையும் தடவினேன்.

முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, எனக்கு முடி வெட்டும் பெரியவர். வெந்நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் சற்று நேரம் வைத்து எடுத்தார். ஆள்காட்டி விரலால் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு திசையிலும் மெதுவாகத் தடவினார். "தம்பி, உங்களுக்குக் கன்னத்தில் முடி கீழ்நோக்கி இருக்கிறது, கழுத்தில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. இது பரு இல்லை. முடி வளைந்து தோலுக்குள்ளேயே போயிருக்கிறது" என்றார். கைக்கண்ணாடியைக் காட்டினார். ஒரு கொப்புளத்துக்குள் கறுப்பாக ஒரு முடி, கடிகாரச் சுருள் போலச் சுருண்டு கிடந்தது. கத்தியைத் தொடாமலே என்னை அனுப்பிவிட்டார்.

பிறகு தோல் மருத்துவரும் அதையேதான் சொன்னார், 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்ற பெயரோடு. (தாடிக்கு லத்தீனில் பார்பா, பார்பர் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.) சுருண்ட முடி உள்ளவர்களுக்கு இது அதிகம். முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. கூரான அந்த நுனி வெளியே வரும் வழியில் தோலைக் குத்திக்கொள்கிறது.

'நாவிதருக்கு வைத்தியம் என்ன தெரியும்' என்று எழுத வருகிறவர்களுக்கு: லண்டனில் 1540இல் நாவிதர்களையும் அறுவை வைத்தியர்களையும் ஒரே சங்கமாக இணைத்தார்கள்; பிரிந்தது 1745இல். குண்டடிப் புண்ணில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையைக் கைவிட்ட பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை வைத்தியர் அம்புரோஸ் பாரே, நாவித வைத்தியராகத் தொழில் பழகியவர்தான். அதற்காக மருத்துவரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே போனேன்.

மருத்துவர் கொடுத்த கடிதத்தை மேற்பார்வையாளர் இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். "தாடிக்குக்கூடவா கடிதம்?" என்றார். என் முகத்தில் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்த அந்த மனிதர், மாலையில் நாங்கள் கூடுதலாக உட்கார்ந்த மணிநேரங்களை ஒரு நாளும் கணக்கில் எழுதியதில்லை. காலையில் நான்கு நிமிடம் தாமதமானால் சிவப்பு மையில் வட்டம் போடுவார்; இரவு எட்டரைக்குப் பதிவேட்டைத் தேடினால் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். பதினோரு மாதக் கூடுதல் நேரத்துக்கு ஒரு பைசா வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நச்சுப் புகையிலும் தூசியிலும் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் கவசம் அணிகிறவர்கள் மழிக்கத்தான் வேண்டும். இடையில் முடி இருந்தால் காற்று கசியும். அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. நான் உட்கார்ந்திருந்தது பேனாவும் தொலைபேசியும் இருந்த மேசை.

உங்களுக்கும் கொப்புளம் இருந்தால் சில வாரம் ரேசரை நிறுத்திவிட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் போதுமா என்று அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். நான் அதைக் கேட்கத் தோன்றாமல் இன்னும் எட்டு மாதம் மழித்தேன். காலர் உரசும் இடத்தில் கரும்புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றின்மேல் தாடி இருக்கிறது.