ரூம் சமையலும் புரோட்டீன் பவுடரும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அம்பத்தூரில் ஷிப்ட் வேலை. சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும், சாப்பாட்டுக்கு மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் முடியாது. மூன்று பேர் ஒரே ரூம். இரவில் பரோட்டா, இல்லாவிட்டால் ஃப்ரைட் ரைஸ். எப்போதும் களைப்பு. வீடியோக்களில் ஓட்ஸ், அவகாடோ, புரோட்டீன் பவுடர் என்கிறார்கள். காசில்லாதவன் சத்தாகச் சாப்பிட வழியே இல்லையா? ரூமில் சமைக்க இரண்டு முறை ஆரம்பித்தோம், இரண்டே வாரத்தில் நின்றுபோனது.

ஆர்.

அன்புள்ள தம்பி,

களைப்புக்கு நான் காரணம் சொல்லக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு, காசு கேட்க மாட்டார்கள். உன் வயதில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது சால்னா ருசிக்காகவே இரண்டு வருடம் பரோட்டாவில் ஓட்டினேன், கடைசியில் ரத்தம் குறைவு என்றார்கள். டாக்டர் முதலில் கேட்டது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாயா என்றுதான். சாப்பாட்டில் இருக்கும் இரும்பை டீ உடம்பில் சேரவிடாதாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி, பைசா செலவில்லை.

புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியே உடம்பை ஏற்ற அதை வாங்காதே என்கிறது. கணக்கைப் பார்: 60 கிலோ எடை உள்ளவனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதும், அதில் 20 கிராம் நீ சாப்பிடுகிற சோற்றிலேயே (அரிசியாக 300 கிராம் என்றால்) வந்துவிடுகிறது, மீதிக்கு இரண்டு முட்டையில் 12, ஒரு கை வேர்க்கடலையில், அதாவது 50 கிராமில், இன்னொரு 12, அதே அளவு பாசிப்பயறில் 12. நான் வாங்கும் கடை விலைக்கு இவை மூன்றும் சேர்த்து 30 ரூபாய் சுற்றித்தான் வருகிறது, உன் இரவு பரோட்டாவும் ஆம்லெட்டும் அதைவிட அதிகம். மீன் பிடிக்குமென்றால் மத்தி வாங்கு, வஞ்சிரம் விற்கிற விலைக்குப் பக்கத்தில்கூட வராது, சத்தில் குறைச்சல் கிடையாது.

கேழ்வரகை மட்டும் பாக்கெட்டில் வாங்காதே. சிறுதானியம் என்று பெயர் வைத்ததும் விலையைப் பெரிதாக்கிவிட்டார்கள். முழுத் தானியமாக வாங்கி மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள். அப்புறம், உன் ரேஷன் கார்டு ஊரில்தானே இருக்கும், அங்கே 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பில் கொஞ்சம் அம்மா கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உன் கடிதத்தில் கடைசி வரிதான் முக்கியம். ஏழைகளுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று வகுப்பெடுப்பவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனிடம் காசைவிடக் குறைவாக இருப்பது நேரம். ரூம் சமையல் விலைவாசியால் நிற்பதில்லை, நான் பார்த்தவரை பாத்திரத்தில்தான் நிற்கும். சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, மறுநாள் காலை தொட்டியில் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும், மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள்.

அதனால் குழம்பு வைக்கப் போகாதே. மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு கரண்ட் குக்கர் வாங்குங்கள். வேலைக்குக் கிளம்பும்போது பாசிப்பயறை ஊறப்போடு, சாயங்காலம் அரிசி, பயறு, தக்காளி, பூண்டு, மஞ்சள் தூள், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நன்றாக அலசி நறுக்கின ஒரு கட்டுக் கீரையையும் மேலே தூவிவிடு. முட்டையை நன்றாகக் கழுவி மேல்தட்டில் வைத்தால் அதுவும் வெந்துவிடும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள், கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர அது உதவும். ருசி சால்னா அளவுக்கு இருக்குமா என்றால் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை போய் பரோட்டா சாப்பிட்டுக்கொள்.

கழுவ வேண்டியது ஒரு பாத்திரமும் மூன்று தட்டும். தட்டை அவரவர் கழுவட்டும், குக்கரை இன்றைக்கு யார் என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.