மலைமேல் சைக்கிள்: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

ஏரி, தோட்டம், மேடு பள்ளம் உள்ள சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஈ.சி.ஆரில் நேராகவே ஓட்டி அலுத்துவிட்டது. ஏரி, பூங்கா, ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே ரூட்டில் வருகிற மாதிரி தமிழ்நாட்டில் ஓர் இடம் சொல்லுங்களேன். மலை ஏறிப் பழக்கம் இல்லை.
– வாசகர், சென்னை

ஏற்காடு. யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மலை என்றதும் எல்லோரும் அடிவாரத்திலிருந்து மிதித்து ஏறுவதையே சவாரி என்று நினைக்கிறார்கள். உச்சிக்குப் போய் ஏரிக்கரையில் ஒரு போட்டோ, ஒரு டீ, உடனே இறக்கம். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற அருமையான சாலைகளைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. முதல் தடவை போகிறவர்கள் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுங்கள். ஓர் இரவு தங்குங்கள். காலையில் ஏரியிலிருந்து கிளம்பினால், 32 கிலோமீட்டர் லூப் ரோடு காபித் தோட்டங்களுக்கு நடுவே உங்களைச் சுற்றிக்காட்டி மறுபடி ஏரிக்கே கொண்டுவந்து விடும். அண்ணா பூங்கா ஏரியை ஒட்டியே இருக்கிறது, சவாரி முடிந்து காலை நீட்டி உட்கார நல்ல இடம்.

லூப் ரோட்டில் நீளமான ஏற்றம் கிடையாது. சின்னச் சின்ன மேடுகள் ஒன்று முடிந்ததும் ஒன்று வந்துகொண்டே இருக்கும், அதனால் 32 கிலோமீட்டர்தானே என்று சாப்பிடாமல் கிளம்பிவிடாதீர்கள். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம் ஆகும். வழி நெடுக சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடிகள். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும், அப்போது மல்லிகைப் பந்தலுக்குள் புகுந்த மாதிரி ஒரு வாசனை, வளைவுக்கு வளைவு கூடவே வரும். டிசம்பர், ஜனவரியில் போனால் பழம் பறிக்கிற காலம், களத்தில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். மே மாதம் மட்டும் வேண்டாம். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், சைக்கிளுக்கு இடமே இருக்காது. சனி, ஞாயிறும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

இன்னும் தெம்பிருந்தால் சேர்வராயன் கோயில் வரை ஏறிவிட்டு வாருங்கள். அங்கே மண்ணெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும், பாக்சைட் உள்ள மலை அது.

அண்ணா, நான் கீழேயிருந்து ஏறித்தான் ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன். சேலத்திலிருந்து ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. என்ன தயாரிப்பு வேண்டும்?
– கல்லூரி மாணவர், சேலம்

தாராளமாக ஏறுங்கள் தம்பி, மேலே போனதும் லூப் ரோட்டையும் விட்டுவிடாமல் இருந்தால் சரி.

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் என்றாலும் நிஜமான ஏற்றம் அடிவாரத்துக்கு அப்புறம்தான். சுமார் 20 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள், அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் சராசரியாக ஐந்து, ஆறு மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் முதல் ஐந்து வளைவில் அவசரப்பட மாட்டீர்கள். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் குறையுங்கள்.

வளைவுகளில் கவனிக்க வேண்டியது: இடது பக்கம் திரும்புகிற வளைவின் உள் ஓரம்தான் இருப்பதிலேயே செங்குத்து. முன்னும் பின்னும் வண்டி இல்லை என்றால் உங்கள் பாதிச் சாலைக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்பக்கமாக எடுத்துத் திரும்புங்கள், கால் வலி குறையும். பின்னால் பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். பஸ் அகலமாக வாங்கித் திரும்பும்போது அதன் பின்பகுதி எங்கே வரும் என்று சொல்ல முடியாது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்தான், அதை நம்பி நடு ரோட்டில் போக வேண்டாம்.

வயது 56. முழங்கால் லேசாக வலிக்கும். என் ரோடு பைக்கில் மலை ஏறலாமா, வேறு சைக்கிள் வாங்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

முதலில் மூட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் ஐயா. அவர் சரி என்றால் சைக்கிளை மாற்ற வேண்டாம், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

பலருடைய ரோடு பைக்கில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் இருக்கும். அதில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டரை மீட்டர் முன்னே போகும். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் மிதிக்கிறீர்கள். மெதுவான மிதி, ஒவ்வொரு மிதியிலும் பெரிய பாரம், அந்தப் பாரம் நேராக முழங்காலில் போய் இறங்கும். பின்னால் 34 பல் உள்ளதைப் போட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று வரும். வேலை அதேதான், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் பாரம் குறைந்துவிடும். உங்கள் சைக்கிளின் பின் டீரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற பாகம்) 34 பல் வரை தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், தாங்காவிட்டால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். செயினும் நீளம் போதாமல் போகலாம்.

அப்புறம் சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுக்க நீளாமல், முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், அதுவே முழங்காலுக்குப் பகை.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் தீய்ந்த வாடை வந்தது. பயந்துவிட்டேன். ஏன் இப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

பயந்தது நல்லது. ஏறுவதை விட இறங்குவதற்குத்தான் பழக வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்கப் பிரேக் வழியாகத்தான் போக வேண்டும். பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம்மோ (சக்கர வளையம்) டிஸ்க்கோ (பிரேக் தகடு) ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சக்கர வளையத்தையே பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் சூடு டியூப் வரை போய் டயர் வெடிக்கவும் கூடும். கார்பன் ரிம் போட்டிருக்கிறவர்கள் இன்னும் கவனம், அதிகச் சூட்டில் ரிம்மே கெட்டுப்போகும்.

நேரான இடத்தில் கொஞ்சம் விடுங்கள், வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தை நன்றாகக் குறையுங்கள், விட்டுவிட்டு வளைவில் திரும்புங்கள். வளைந்துகொண்டிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கிளம்பும் முன்பு பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் கட்டாயம். மழை பெய்திருந்தால் சில்வர் ஓக் இலை ரோடு முழுக்க ஒட்டிக் கிடக்கும், அதன் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

நானும் தோழியும் மட்டும் போகலாம் என்று இருக்கிறோம். பாதுகாப்பா?
– வாசகி, திருச்சி

போகலாம். தங்குகிற இடத்தில் எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், போனில் லொகேஷன் பகிர்ந்து வையுங்கள், தோட்டச் சாலைகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பஞ்சரானால் டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், இது ஆண்களுக்கும்தான். மாற்று டியூப் இரண்டு, டயரைக் கழற்ற லீவர், கைப்பம்பு, இவ்வளவு போதும்.

இருட்டோடு கிளம்பாதீர்கள். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடுகள் ரோட்டுக்கே வரும். பனிமூட்டத்தில் கறுப்பு உடம்பு கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் காலுறை போட்டது போலிருக்கும் கால்கள்தான் முதலில் தெரியும். பார்த்தால் நின்றுவிடுங்கள், மணி அடிக்க வேண்டாம், பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம். அதுவாக நகரும். நன்றாக விடிந்த பிறகு, ஆறரை மணிக்குக் கிளம்புவதே சரி.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் ஓட்டியதோடு சரி. அதற்கு மேல் ஏதாவது உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

எவ்வளவோ! ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்தான். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்த ஏரி, பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா. அழகுதான், ஆனால் கூட்டம். நீங்கள் போக வேண்டியது மன்னவனூர்.

ஏரியிலிருந்து மேற்கே கிளம்பினால் முதலில் வான் ஆய்வுக்கூடம் வரை ஏற்றம், அது 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் காட்டு வழியாக இறங்கிப் பூம்பாறை. ரோட்டு வளைவில் நின்று பார்த்தால் கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பை இருந்தால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலும் போனால் மரங்கள் விலகி, சட்டென்று பச்சைப் புல்மேடுகள், ஓர் ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்து ஆடுகள். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ரோடு பைக்கில் போய்ப் பார்க்க இதை விட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

போகும்போது இறக்கம் அதிகம், அதனால் வேகமாகப் போய்விட்டோம் என்று தோன்றும். திரும்பும்போது அவ்வளவையும் ஏற வேண்டும்! பாதிக்கு மேல் தெம்பை மிச்சம் வையுங்கள், அல்லது மன்னவனூரிலோ பூம்பாறையிலோ தங்கிவிடுங்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காரில் சைக்கிளை ஏற்றிப் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம், 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம்.

ஊட்டி?
– வாசகர், ஈரோடு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறுங்கள், குன்னூர் ரோட்டை விட வண்டிகள் குறைவு. மேலே எமரால்டு, அவலாஞ்சி பக்கம் ஏரிகளும் தேயிலைத் தோட்டங்களுமாக நன்றாக இருக்கும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே 36 வளைவு ஏறுகிற ஆசை நிறையப் பேருக்கு உண்டு. புலிகள் காப்பகத்தை ஒட்டி யானை நடமாடும் இடம் அது, சைக்கிளில் வேண்டாம் என்பதே என் பதில்.

காரில்லாமல் சென்னையிலிருந்து ரயிலில் சைக்கிளோடு போய்வர முடிகிற, ஏரி உள்ள மலை உண்டா?
– வாசகி, ஆவடி

ஏலகிரிக்குப் போங்கள். ஜோலார்பேட்டையில் இறங்கினால் சுமார் 20 கிலோமீட்டர். பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 வளைவுகள்தான், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், பலகையைப் படித்துக்கொண்டே ஏறலாம். மேலே புங்கனூர் ஏரி, பக்கத்தில் பூங்கா, அங்கிருந்து நிலாவூர் ஏரி வரை சின்ன மேடுகளோடு அமைதியான ரோடு. முதல் மலைக்கு இதுவே போதும்.

ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும், பார்சல் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். நீங்கள் போகிற ரயில் ஜோலார்பேட்டையில் எத்தனை நிமிடம் நிற்கும், அதற்குள் இறக்கித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். டியூபில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, பின் டீரெய்லர் இருக்கும் பக்கத்தில் அட்டை கட்டிக் கொடுங்கள், மற்ற பார்சல் இடித்து முதலில் வளைவது அதுதான்.