தீமை எங்கிருந்து வந்தது? வேதம் வாசிக்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஈரோடு, திருப்பூர், கோபி பக்கம் வேதபாட வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்டவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடியும். ஒன்றிரண்டுக்கு நின்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

பெருந்துறை: ஏசாயா 45:7-இல் ‘தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே’ என்று கர்த்தரே சொல்றாருங்களே. அப்போ தீமையைப் படைத்தது அவர்தானுங்களா?

அந்த வசனத்தில் தீங்குக்கு எதிரே எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். ‘நன்மை’ இல்லை, ‘சமாதானம்’. எபிரெயத்தில் ஒன்று ஷாலோம், மற்றது ரா. இந்த ‘ரா’ மனிதன் செய்யும் அக்கிரமத்தையும் குறிக்கும். போர், பஞ்சம், அழிவு போன்ற ஆபத்தையும் குறிக்கும். நம் பேச்சிலும் அப்படித்தானே? ‘அவன் கெட்டவன்’ என்றால் குணம். ‘நல்லது கெட்டதுக்குப் போகணும்’ என்றால் அந்தக் கெட்டது எழவு வீடு. இரண்டையும் ஒன்றாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும்.

அந்த அதிகாரம் பாரசீகத்தின் கோரேசு ராஜாவை நோக்கிப் பேசுகிறது. பாபிலோனுக்கு அவனால் அழிவு, சிறைப்பட்ட யூதருக்கு அதே ஆளால் விடுதலை. இரண்டும் என் கையில்தான் என்கிறார் கர்த்தர். மனிதன் மனதில் பாவத்தை விதைத்தேன் என்று அங்கே அவர் சொல்லவில்லை. யாக்கோபு 1:13 அதை நேராகவே மறுக்கிறது: தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல, ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல.

கோபி: லூசிபர் என்ற தேவதூதன் பெருமையால் விழுந்தான், அதுதான் தீமையின் தொடக்கம் என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். வேதத்தில் எங்கே இருக்கிறது, அண்ணா?

நாம் கேட்ட அந்த வடிவத்தில் ஒரே இடத்தில் இல்லை, தம்பி. ஏசாயா 14:12-இல் ‘விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே’ என்று வருகிறது. ஆனால் நாலாம் வசனத்திலேயே இது பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாட்டு என்று எழுதியிருக்கிறது. விடிவெள்ளிக்கு லத்தீன் சொல் லூசிபர். ஜெரோமின் லத்தீன் வேதாகமத்தில் அந்தச் சொல் நின்றது, போகப்போகப் பெயராகிவிட்டது. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற சபை அறிஞர் அந்தப் பகுதியைச் சாத்தானோடு சேர்த்து வாசித்தார். ஏதேன் தோட்டத்துப் பாம்பைக்கூட ஆதியாகமம் சாத்தான் என்று சொல்லவில்லை. வெளிப்படுத்தல் 12:9-தான் ‘பழைய பாம்பு’ என்று சொல்லி இரண்டையும் இணைக்கிறது.

அதற்காகச் சாத்தான் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வசனம் எதைச் சொல்கிறது, சபை வழிவழியாக அதை எப்படி வாசித்தது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: தீமை என்பது நன்மையின் குறைவு மட்டும்தான் என்று அகுஸ்தீனார் சொன்னாராமே. கேன்சர் வந்தவரிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

சொல்லக் கூடாது. பழைய சபையின் போதகரான அகுஸ்தீனார் (354–430) அந்தப் பதிலைச் சொன்னது வேறு கேள்விக்கு. ஒன்பது வருடம் அவர் மானிகேயர் என்ற கூட்டத்தாரோடு இருந்தவர். ஒளி ஒரு சக்தி, இருள் அதற்குச் சமமான இன்னொரு சக்தி என்பது அவர்கள் போதனை. அதை விட்டு வந்தபின், தேவன் படைத்ததெல்லாம் நல்லது, தீமை தனியாக ஒரு பொருளே இல்லை என்று அவர் தெளிந்தார்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் ஒன்று அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் துணி நெடுக ஒரு கோடு விழும். அந்தக் கோடு எந்த நூலாலும் நெய்ததில்லை. நூல் இல்லாத இடம்தான் கோடு. ஆனால் அந்தத் துணியை யாராவது எடுப்பார்களா? தீமை ‘குறைவு’ என்றால் ‘பொய்’ என்று அர்த்தமில்லை.

பல்லடம்: தாவீது ஜனத்தொகை எடுத்ததற்குக் கர்த்தர் ஏவினார் என்று 2 சாமுவேல் 24:1, சாத்தான் ஏவினான் என்று 1 நாளாகமம் 21:1. எதுங்க சரி?

நாளாகமம், யூதர் பாபிலோனில் இருந்த சிறையிருப்புக்குப் பின் எழுதியது. எல்லாவற்றையும் கர்த்தரின் கையிலிருந்தே பார்த்தது பழைய தலைமுறை. தூண்டினவன் வேறு, அனுமதித்தவர் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றது பிந்திய தலைமுறை. இரண்டில் எதையும் நீக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதே எனக்கு இந்த வேதத்தின் நேர்மையாகத் தெரிகிறது.

சோமனூர்: என் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க. வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருத்தர் யாத்திராகமம் 20:5 வாசித்துவிட்டு, முன்னோர் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து தூக்கமில்லை.

அம்மணி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. என் தம்பி சின்ன வயதில் இறந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் இதே வசனத்தைத்தான் சொன்னார். என் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பேன் என்கிற அந்த வசனம் ‘என்னைப் பகைக்கிறவர்களை’ப் பற்றியது. மூன்று நான்கு தலைமுறை என்பது அன்று ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பம். பெரியவர் செய்யும் விக்கிரக ஆராதனை வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் என்ற எச்சரிக்கை. அடுத்த வசனமே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது, அதை வாசிக்காமல் விட்டிருப்பார். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று ஜனங்கள் பழமொழி சொன்னபோது, இனி அதைச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் தடுத்தார். அது எசேக்கியேல் 18.

யோவான் 9-இல் இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார். அதற்குப் பின் வரும் ‘தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு’ என்பதை, காட்டுவதற்காகவே தேவன் குருடாக்கினார் என்று சிலர் வாசிக்கிறார்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக் குறிகள் அநேகமாக இல்லை. அதனால் அதை அடுத்த வசனத்தோடு சேர்த்து, ‘தேவனுடைய கிரியைகள் வெளிப்பட நான் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்’ என்று வாசிக்கிற அறிஞர்களும் உண்டு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. காரணம் தேடினவர்களிடம் அவர் பேச்சை வளர்க்கவில்லை. குனிந்து சேறு குழைத்தார்.

உங்கள் பாப்பாவின் காதுக்கு நீங்களும் காரணமில்லை, உங்கள் மாமனார் மாமியாரும் காரணமில்லை. நல்ல மருத்துவரைப் பாருங்கள், சைகை மொழி கற்றுக்கொடுங்கள். அதுவும் தேவனுடைய கிரியைதான்.

கோபி, விவசாயி: இவ்வளவு சொல்றீங்க, தீமை எங்கிருந்துதான் வந்தது?

மத்தேயு 13-இல் வேலைக்காரர்கள் கேட்டதும் இதேதான், அண்ணா: நல்ல விதையை விதைத்தீரல்லவா, பின்னே களை எப்படி வந்தது? ‘சத்துரு செய்தான்’ என்பதற்கு மேல் எஜமான் சொல்லவில்லை. உடனே பேச்சு பயிரைக் காப்பாற்றுவதற்குத் திரும்புகிறது. உங்கள் நெல் வயலில் குதிரைவாலிப்புல் கதிர் வரும்வரை நெல்லைப்போலவே நிற்கும், அவசரப்பட்டுப் பிடுங்குகிறவன் நெல்லையும் சேர்த்துப் பிடுங்குவான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சோமனூர் (மறுபடியும்): அந்த அண்ணன் வருகிற வாரமும் வருவாருங்க. என்ன சொல்றது?

யோவான் 9-ஐத் திறந்து அவர் கையில் கொடுங்கள். முதல் மூன்று வசனத்தையும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாப்பா பக்கத்தில் இருக்கட்டும்.