பொண்ணுக்கு 17 பி மெமோ வந்திருக்குன்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, நீங்க அனுப்பினத ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு அரசு பள்ளியில சயின்ஸ் பட்டதாரி ஆசிரியர், வேலைக்கு சேந்து ரெண்டு வருஷம் கூட முடியல, எட்டாங்கிளாஸ் பையன ஸ்கேலால அடிச்சாங்க, கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேவலமா பேசினாங்கன்னு பையன் வீட்டுல பள்ளிக்கல்வித்துறை உதவி எண் 14417க்கு போன் பண்ணி புகார் குடுத்து, இப்ப 17 பி சார்ஜ் மெமோ, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17(பி)-ல வர்ற குற்றச்சாட்டு நோட்டீஸ், கைக்கு வந்திருச்சு, சொந்தக்காரங்க பிஎட் சர்டிபிகேட்டே கேன்சல் ஆயிடும்னு சொல்றாங்க, அதனால இப்பவே ராஜினாமா பண்ணிட்டு பிரைவேட் ஸ்கூல் போயிடலாமான்னு கேக்கறீங்க.

ராஜினாமா வேணாம்மா. விசாரணை நிலுவையில இருக்கும்போது அத பொதுவா ஏத்துக்க மாட்டாங்க, ஏத்துக்கிட்டாங்கன்னே மனசுல வெச்சு ஸ்கூலுக்கு போகாம இருந்தா அனுமதி இல்லாம வராம இருந்தாங்கன்னு அது தனியா இன்னொரு குற்றச்சாட்டா வந்து நிக்கும். நாளைக்கு பிரைவேட் ஸ்கூல்ல ஏன் கவர்மெண்ட் வேலைய விட்டீங்கன்னு கேக்கறப்ப சொல்றதுக்கும் ஒண்ணும் இருக்காது.

சர்டிபிகேட் விஷயம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 2012-ல பள்ளிக்கல்வித்துறை அரசாணை 121 போட்டாங்க, பிள்ளைங்க கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்தது நிரூபணமானா வேலைய விட்டு எடுக்கறதோட கல்விச் சான்றிதழையும் ரத்து பண்றதுன்னு. அது இருக்க வேண்டிய அரசாணைதான். ஆனா உங்க பொண்ணு மேல இருக்கற புகார் அந்த வகையே இல்ல, அந்த பயத்த இன்னிக்கே இறக்கி வெச்சிடுங்க. ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) சர்டிபிகேட்டும் 2021-ல இருந்து ஆயுசுக்கும் செல்லும்னு ஆயிடுச்சு.

அதுக்காக இது சின்ன விஷயம்னு நான் சொல்லல. அதே விதியில 17 ஏ-ன்னா விளக்கம் வாங்கிட்டு கண்டனமோ இன்கிரிமெண்ட் கட்டோ மாதிரி சின்ன தண்டனையோட முடியும், 17 பி-ன்னா விசாரணை அலுவலர் போட்டு சாட்சிய எல்லாம் விசாரிப்பாங்க, கடைசியில பெரிய தண்டனை வரைக்கும் போகலாம். வேலைய விட்டு எடுக்கறதுலயே ரிமூவல்னு ஒண்ணு இருக்கு டிஸ்மிஸ்னு ஒண்ணு இருக்கு, டிஸ்மிஸ் ஆனா பொதுவா திரும்ப கவர்மெண்ட் வேலைக்கே வர முடியாது. பொண்ணு இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்கறதால அத முடிச்சு குடுக்கற ஆர்டரும் இது தீர்ற வரைக்கும் நிக்கத்தான் வாய்ப்பு. கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிக்கறதையும் மனசு நோக பேசறதையும் ரெண்டையுமே தடை பண்ணுது, ஒரு அடிதானே நாங்க வாங்காத அடியான்னு வீட்டுல பேசற மாதிரி பதில்ல ஒரு வரி எழுதினா கூட கேஸ் அங்கயே பொண்ணுக்கு எதிரா முடிஞ்சிரும்.

இப்ப எல்லாமே அந்த முதல் பதில்ல தான் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு தம்பி என்கிட்ட வந்தாரு, மெமோ வந்த அன்னிக்கே ஒரு மன்னிப்பு கடிதம் எழுதிக்குடு நான் பேசி முடிச்சிடறேன்னு மேல இருக்கறவர் சொன்னத நம்பி, பண்ணாததையும் சேத்து ஒத்துக்கிட்டு எழுதிக்குடுத்துட்டாரு, அப்புறம் விசாரணையில அந்த ஒரு கடிதம்தான் அவருக்கு எதிரான பெரிய ஆதாரமா நின்னுச்சு, அவர இன்னும் என்னால மறக்க முடியல. அதனால பொண்ண யார் வற்புறுத்தினாலும் பதட்டத்துல எதுவும் எழுத வேணாம்னு சொல்லுங்க.

மெமோவோட நாலு இணைப்பு இருக்கணும், குற்றச்சாட்டு என்னென்ன, அதோட விவரம், ஆவணங்க பட்டியல், சாட்சிங்க பட்டியல். ஆவணத்த பாக்காம பதில் எழுத முடியாது, பாத்து நகல் எடுத்துக்க அனுமதி வேணும்னு முதல்ல ஒரு லெட்டர் குடுக்கட்டும், கூடவே அவகாசமும் அதுலயே கேக்கட்டும். எல்லாமே தலைமை ஆசிரியர் வழியா முறையா போகணும், ஆபீஸ் தபால் பிரிவுல குடுத்தா நகல்ல கையெழுத்தும் தேதியும் வாங்காம வரக்கூடாது.

பதில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியா இருக்கணும். பொண்ண பக்கத்துல உக்கார வெச்சு, திட்டாம, அன்னிக்கு நிஜமா என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அடிச்சிருந்தா அடிச்சேன்னு எழுதட்டும், எந்த சூழ்நிலையில, அதுக்கப்புறம் பையனுக்கு என்ன பண்ணாங்கன்னு சேத்து எழுதட்டும், பேசாத வார்த்தைய பேசலன்னு உறுதியா மறுக்கட்டும். அடிச்சிட்டு அடிக்கலன்னு எழுதினா பசங்க நாலு பேர் வந்து சொல்லும்போது உண்மையான மறுப்பும் சேந்து பொய்யாயிடும், அதவிட அந்த பையனும் ஒரு குழந்தைம்மா, அவன பொய்யனாக்கி நம்ம வேலைய காப்பாத்தறது சரியும் இல்ல.

அன்னிக்கு டைம்டேபிள், வருகைப்பதிவு, பாடக்குறிப்பு இதெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே நகல் எடுத்து வெக்கட்டும், ஒரு எழுத்து கூட மாத்தக்கூடாது. பையன் வீட்டுக்கு நீங்களோ உங்க ஆளுங்களோ சமாதானம் பேச போகவே போகாதீங்க, நல்ல மனசோட போனாலும் சாட்சிய மிரட்டினாங்கன்னு தான் வரும். வாட்ஸப் ஸ்டேட்டஸ், ஸ்டாப் குரூப், பத்திரிகை எதுலயும் இத பத்தி ஒரு வார்த்த வேணாம்.

போலீஸ்ல எஃப்ஐஆர் போட்டிருக்காங்களான்னு நீங்க எழுதல. போட்டிருந்தா மெமோ பதில எழுதறதுக்கு முன்னாடியே கிரிமினல் வக்கீல பாக்கணும், ஏன்னா இங்க எழுதறது அங்க போய் நிக்கலாம். கோர்ட்டுல விடுதலை ஆனா இதுவும் தானா முடிஞ்சிரும்னு நினைக்காதீங்க, அங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், இங்க நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சாலே போதும். டிபார்ட்மெண்ட் விசாரணைக்குள்ள வக்கீல பொதுவா விட மாட்டாங்க, ஆனா பதில தயார் பண்ண சர்வீஸ் கேஸ் பாக்கற வக்கீல்ட்ட காட்டலாம், ஆசிரியர் சங்கத்துல இந்த மாதிரி நிறைய பாத்த மூத்தவங்க இருப்பாங்க, அவங்களயும் கேளுங்க.

சஸ்பென்ஷன் வந்தா அது தண்டனை இல்ல. பாதி சம்பளம் அளவுக்கு பிழைப்பூதியம் வரும், வேற எங்கயும் வேலை பாக்கலன்னு எழுதிக்குடுத்தா தான் வரும், அதனால அந்த சமயத்துல டியூஷன் கூட எடுக்கக்கூடாது. அனுமதி இல்லாம ஊர விட்டு போகவும் கூடாது. சஸ்பெண்ட் பண்ணி மூணு மாசத்துக்குள்ள சார்ஜ் மெமோ குடுக்கலன்னா அத நீட்டிக்க கூடாதுன்னு 2015-ல அஜய் குமார் சவுத்ரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, உங்க பொண்ணுக்கு மெமோ வந்துட்டதால அது அப்படியே பொருந்தாது.

விசாரணையில சாட்சிகள குறுக்கு விசாரணை பண்ண பொண்ணுக்கு உரிமை இருக்கு. முடிஞ்சதும் அறிக்கையோட நகல குடுத்து அதுக்கும் விளக்கம் கேட்ட பிறகுதான் தண்டனை போட முடியும், இது 1993-லயே சுப்ரீம் கோர்ட் தீர்த்து வெச்ச விஷயம். அதுக்கப்புறமும் மேல்முறையீடு இருக்கு, அதுக்கு மேல ஹைகோர்ட் இருக்கு.

பொண்ணு சாப்பிடறதே இல்ல ரூம்லயே இருக்கான்னு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, எனக்கு மெமோவ விட அதுதான் கவலையா இருக்கு. ராத்திரி தனியா விடாதீங்க, ஊர்ல என்ன பேசறாங்கன்னு வந்து சொல்றவங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க. மெமோ கைக்கு வந்த தேதி என்ன, எத்தன நாள்ல பதில் கேட்டிருக்காங்க, நாலு இணைப்பும் இருக்கா, இந்த மூணையும் பாத்து இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்கு சொல்லுங்க, அத வெச்சு ஆவணம் கேக்கற லெட்டர முதல்ல எழுதிடலாம்.