மானும் மார்லினும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாத்தா வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கும் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம்தான். இப்போது விஸ்கான்சினில் வேலை. இங்கே ஒரு நண்பர் என்னை வேட்டைக்குப் பழக்கிவிட்டார். அடகுக் கடையில் பழைய மார்லின் 336 ரைபிள் ஒன்று கிடைத்தது. லீவர் வகை, அதாவது விசைக்கு அடியில் இருக்கும் லீவரைத் தள்ளி மூடினால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டா .30-30. அதைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, சுடும் பயிற்சிக்கான ரேஞ்சில் சுடுவது எல்லாமே எனக்குப் பெரிய சந்தோஷம். போன நவம்பரில் முதல் மானை அடித்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பந்தியிலேயே செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். பெரியப்பா இலையைக்கூட மடக்காமல் எழுந்து போய்விட்டார். இத்தனைக்கும் அவர் கறி சாப்பிடுகிறவர். துப்பாக்கி ஒரு கருவிதானே ஐயா, இந்தச் சந்தோஷத்தில் என்ன தப்பு? இந்த மாதிரி துப்பாக்கியை ஊரில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? எங்கள் தாத்தாவின் துப்பாக்கியும் அவர் இறந்ததிலிருந்து டீலரிடம் கிடக்கிறது. அதைத் தம்பி பெயருக்கு மாற்ற முடியுமா?

கு.

அன்புள்ள கு.,

சந்தோஷத்தில் ஒரு தப்பும் இல்லை. துப்பாக்கி வெறும் கருவி என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சந்தோஷத்தைப் பேசுவோம், எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

சிவகாசியில் அச்சாகி வந்த கௌபாய் காமிக்ஸ்களில்தான் நம்மில் பலரும் வின்செஸ்டர் என்ற லீவர் துப்பாக்கியை முதலில் பார்த்தோம். டெக்சாஸில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அவனுடைய நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு அழைத்துப் போய், நிஜமான வின்செஸ்டர் 94 ஒன்றைக் கையில் கொடுத்தார். அது அவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போல்ட் ரைபிளில் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி துருத்திக்கொண்டு நிற்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. நடுப்பகுதியை ஒரு கையால் சுற்றிப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நாளெல்லாம் நடக்கலாம், எடை சரியாக அங்கேதான் நிற்கிறது. குதிரைக்காரன் சேணத்தோடு சேர்ந்த உறையில் இதைச் செருகி வைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

தோட்டா போடுவதே ஒரு தனி வேலை. வலப்பக்கம் ஒரு சின்ன ஸ்பிரிங் கதவு. கட்டைவிரலால் தோட்டாவை உள்ளே தள்ளினால், விரலை எடுக்கும்போது கதவு நகத்தடியைக் கடிக்கும். எனக்கும் கடித்தது. நண்பர் சிரித்துவிட்டு வழி சொன்னார்: தோட்டாவை முழுக்கத் தள்ளாதே, அதன் பின்பாகம் கொஞ்சம் வாசலிலேயே நிற்கட்டும், அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளு. அப்படிச் செய்தால் கடைசி ஒன்றுக்கு மட்டும் கடிபட்டால் போதும். சுட்டதும் நான் துப்பாக்கியை இடுப்புக்கு இறக்கி லீவரை இழுத்தேன். அதற்கும் திட்டு. மட்டை தோளிலேயே இருக்க வேண்டும், கண் குறியை விட்டு விலகக் கூடாது, லீவரைத் தயங்காமல் கோடி வரை தள்ளி அதே வேகத்தில் மூட வேண்டும். பாதியில் திருப்பினால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். சரியாகச் செய்தால் காலித் தோட்டா மேலே எகிறும், புதுத் தோட்டா உள்ளே போகும், தோட்டாவை அடிக்கும் ஹேமர் ஏறி நிற்கும். எல்லாம் ஒரே வீச்சில். அந்தச் சத்தம் கிளம்பியபோது எனக்கு மறுபடியும் வயது பதின்மூன்று. இதை வெளியே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த இயந்திரம் ஒரே நாளில் வந்ததில்லை. 1860-இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை வாங்கிய துப்பாக்கியில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதில் .44 தோட்டா பதினாறு. முன்பக்கம் மரமே கிடையாது. தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி இடது கை பொசுங்கும். தோட்டாவையும் முன்முனையிலிருந்துதான் போட வேண்டும். அடுத்து வின்செஸ்டர் பெயரில் வந்த 1866 மாடலில் பக்கவாட்டுக் கதவும் மரமும் வந்தன. 1873 மாடல் ஊரறிந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடலுக்கு (நான் சுட்டது அதுதான்), மறு வருஷமே புகையில்லா வெடிமருந்தடைத்த .30-30 தோட்டா வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் மான் வேட்டை என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உங்கள் 336 வந்தது 1948-இல். மார்லினில் மேல்பக்கம் மூடியிருக்கும், காலித் தோட்டா பக்கவாட்டில் விழும். அதனால் டெலஸ்கோப் பொருத்துவது சுலபம். குழலின் பின்முனைக்கு அருகே நீள்வட்டத்துக்குள் ஜே.எம். என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய மார்லின் தொழிற்சாலைச் சரக்கு. விற்றுவிடாதீர்கள்.

லீவர் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது அதன் குறைதான். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன, ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிட்டத்தில் முட்டுகிறது. மூக்கு கூராக இருந்தால் உதைப்பில் முன்னதன் பிட்டத்தில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் குத்தி உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் மழுங்கிய மூக்குக் குண்டுதான் காலங்காலமாக. இந்தக் காலத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் மூக்கு வைத்தும் செய்கிறார்கள். மழுங்கிய குண்டு காற்றில் சீக்கிரம் தளரும். நூற்றைம்பது கஜம், மிஞ்சிப்போனால் இருநூறு. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. ஆகவே லீவர் துப்பாக்கிக்காரன் மானின் அருகே போயாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சருகு காய்ந்ததா நனைந்ததா, எந்தத் தடம் புதுசு, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விஸ்கான்சினில் தேங்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி வரும் ஒன்பது நாள் பருவத்தில், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மரங்களுக்கு நடுவே விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காகவே செய்தது போன்ற துப்பாக்கி அது.

நம் காவிரிக் கரைக்கும் லீவர் துப்பாக்கி வந்ததுண்டு. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளின் பின்னால் அலைந்தபோது வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். அதில் குழாய் கிடையாது, தோட்டாக்கள் அடிப்பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும், கூர்மூக்குக் குண்டும் போடலாம். 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் சுடக் கொண்டுபோனதும் அதே மாடல்தான். ஆண்டர்சன் நடந்தது தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில். அங்கே காவிரி பாறைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஓடுகிறது. தவறிய குண்டு ஏதாவதொரு மலைச்சரிவில் போய்ப் புதைந்துவிடும்.

நம் ஊரில் எங்கே புதையும்? கல்லணைக்குக் கிழக்கே மேடு என்றால் ஆற்றங்கரையும் கோபுரமும்தான். அறுத்த வயலில் நின்று பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் மட்டம். ஒரு தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் ஒரு தெரு, மறுபடி வயல், அதில் குனிந்து வேலை செய்கிற பெண்கள். .30-30 குறி பார்த்துச் சுட இருநூறு கஜம்தான் என்றாலும், கொஞ்சம் தூக்கிச் சுட்ட குண்டு மைல் கணக்கில் போய்த்தான் விழும். டெல்டாவில் வேட்டைக்காரர்கள் ரைபிளைத் தொடாமல் சிறு ரவை தெறிக்கும் பன்னிரண்டு போர் (bore) துப்பாக்கியையே வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மார்கழி, தை மாதங்களில் ஈர வயலில் உள்ளான் அடித்தார்கள். உள்ளான் நேர்கோட்டில் பறக்காது, வளைந்து வளைந்து போகும், ஒற்றைக் குண்டால் அதை அடிக்க முடியாது. சிறு ரவை சில நூறு கஜத்துக்குள் உதிர்ந்துவிடும், யார் தலையில் விழுந்தாலும் ஆள் பிழைப்பான். நிலம்தான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது பெரியப்பாவிடம் வருவோம். அவர் வயதையும் ஊரையும் வைத்துப் பார்க்கிறேன். நம் பக்கம் அந்தக் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது? பண்ணை வீடுகளில். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கியதுதான். நரிக்கும் பன்றிக்கும் பயன்பட்டதைவிட, கூலி கேட்டவன் கண்ணில் படும்படி திண்ணையில் சாத்தி வைக்கவே அது அதிகம் பயன்பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களைப் பண்ணையாரின் ஆட்கள் முதலில் துப்பாக்கியால் சுட்டார்கள். பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கியவர்களை அப்படியே தீ வைத்துக் கொன்றார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழத்தஞ்சையில் அந்த வயதுக்காரர்களுக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயம் அல்ல. உங்கள் படத்தில் அவர் மானைப் பார்த்திருக்க மாட்டார். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற தன் வீட்டுப் பையனைப் பார்த்திருப்பார். அவர் எந்தப் பக்கத்து நினைவோடு எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த தடவை படம் வேண்டாம். மானை எப்படி இழுத்து வந்தீர்கள், யார் தோலுரித்தார்கள், கறியை யார் யாருக்குப் பங்கு போட்டீர்கள் என்று சொல்லுங்கள். கறி தின்கிற மனுஷருக்கு அது புரியும். அப்போதும் கருவிதானே என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

ஊரில் வைத்துக்கொள்ள வழி? ஆசையை விட்டுவிடுங்கள். தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நின்றுபோயிற்று, பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான் விலக்கு. இங்கே சுற்றுவதெல்லாம் அதற்கு முன்பு வந்த சரக்கு, விலை கேட்டால் தலை சுற்றும். மேற்கு வங்கத்து இச்சாப்பூரில் செய்யும் நம் .315 ரைபிள் போல்ட் வகை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. வைத்திருந்தாலும் எதைச் சுடுவீர்கள்? 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பின் கோடியக்கரை வெளிமான் மட்டுமல்ல, வயல் முயலும் கௌதாரியும்கூடக் கூடாது. எனக்கு இதில் வருத்தமில்லை. சுட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் திருச்சி ரைபிள் கிளப்புக்குப் போகலாம். 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு அஜித் வந்தபோது ரசிகர்கள் மொய்த்த இடம்தான். அங்கே காகித வட்டத்துக்குப் பின்னால் மண்ணும் சுவரும் இருக்கின்றன.

தாத்தா துப்பாக்கிக்கு வழி இருக்கிறது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசு கேட்கலாம், 2016 ஆயுத விதிகளில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. தம்பி வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், டீலர் கொடுத்த ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிக்கட்டும். போலீஸ் விசாரணைக்கு வருவார்கள். கிடைத்துவிட்டால் தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வேலையும் கூடவே வரும் என்று சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒரு தேர்தல் முடிந்து வந்தபோது இரண்டு குழலிலும் செம்புழுதி மாதிரி துரு. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். கொடுப்பதற்கு முன் குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஓட்டி, வெளியே கிரீஸ் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குழலின் மேல் அலை அலையாகக் கோலம் போட்ட மாதிரி வரிகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கருமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. பெட்டியில் தாத்தா வைத்துவிட்டுப் போன காகிதத் தோட்டா இருந்தால், நம் ஊர் ஈரத்துக்கு அது உப்பிப்போயிருக்கும், குழலுக்குள் போகாது. அமுக்கிப் பார்க்காமல் டீலரிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.