ஜனாதிபதி முறையா, பாராளுமன்ற முறையா: எது நிலையானது?
என்னைக் கேட்டால் பாராளுமன்ற முறைதான். அதில் அரசு கவிழும், நாடு கவிழாது.

இலங்கையில் 1960 மார்ச்சில் 50 ஆசனங்களோடு வந்த டட்லி சேனநாயக்க அரசு ஒரு மாதத்திலேயே சபையில் தோற்றது. ஜூலையில் மறுதேர்தல், அவ்வளவுதான். இந்தத் தள்ளாட்டம் வேண்டாமென்றுதான் 1978இல் ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையில் இருக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை நிலைப்படுத்தினார்கள்.

2022இல் பொருளாதாரம் சரிந்தபோது என்ன நடந்தது? ஜனாதிபதியைப் பதவி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். கொழும்பில் பெற்றோல் வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்தெழும்பியவனுக்கு அதுவரை பொறுமை இருக்குமா? சனம் காலிமுகத்திடலில் கூடாரம் அடித்தது. ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விலகியபின் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது யார்? அதே பாராளுமன்றம்தான், 134 வாக்குகளால்.